பெயர் மாறினால் மா மாறுமா?



சென்ற மாதம் கிடைத்த கடிதங்களில் ஒன்றை இரண்டு தடவை வாசித்தேன். எழுதியவர் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த சகோதரி. 2009 இல் கணவரைப் பறிகொடுத்த பின் ஒரு தையல் மெசினை நம்பிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஏழு வருடமாகச் சலரோகம். கனடாவில் இருக்கும் தங்கை சொன்னதைக் கேட்டு 'கீட்டோ' என்ற சாப்பாட்டு முறையைத் தொடங்கியிருக்கிறார். சோறு, பாண், இடியப்பம் எல்லாவற்றையும் நிறுத்தியதில் முதல் மாதமே நான்கு கிலோ குறைந்ததாம். அந்தச் சந்தோசத்தில் தங்கை ஒரு பெட்டி அனுப்பினாராம். பாதாம் மா, சீனியில்லாச் சொக்லேட், கீட்டோ பிஸ்கற், சீனிக்குப் பதிலாகப் போடும் தூள். அதன்பிறகு மூன்று மாதமாகத் தராசு அசையவில்லை. கிளினிக்கில் சீனியும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

"அக்கா, இந்த மாற்றுச் சாப்பாடுகள்தான் என்னைத் தடுக்குதோ? எறிஞ்சு போடவும் மனமில்லை. அவள் இரவு வேலை செய்து உழைச்ச காசு" என்று முடித்திருந்தார்.

நான் மருத்துவர் அல்ல. பதினெட்டு வருடமாக இந்த நோயோடு வாழ்கிறவள். பெண்கள் சங்கங்களில் இதைப் பற்றிக் கதைத்துத் திரிகிறவள். அந்த அளவில் சொல்கிறேன். பெட்டியில் இருப்பவற்றில் சில தடுக்கும், சில தடுக்காது. எது எந்தப் பக்கம் என்பதைப் பக்கற்றின் முன்பக்கம் சொல்லாது.

முதலில் கீட்டோ என்றால் என்ன என்று பார்ப்போம். இது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. வலிப்பு நோயுள்ளவர்களுக்கு உதவுமென்று 1921 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரசல் வைல்டர் முன்வைத்த உணவு முறை இது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். நிறை குறைக்க மாப்பொருளைக் குறைக்கும் பழக்கம் பரவியது பெரும்பாலும் 1972 இல் மருத்துவர் அட்கின்ஸ் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான். ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் மாப்பொருளை நிறுத்தினால், எரிக்கச் சீனி கிடைக்காத உடம்பு கொழுப்பை எடுக்கிறது. ஈரல் அந்தக் கொழுப்பிலிருந்து 'கீட்டோன்' என்ற பொருளைச் செய்து மூளைக்கும் தசைக்கும் கொடுக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பைச் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் மாப்பொருள் இருக்கிறது. நாங்கள் ஒரு நேரத்துக்குப் போட்டுச் சாப்பிடுவது ஒரு கோப்பையா, மூன்றா என்பதை அவரவர் கோப்பையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் மாதம் குறைந்த அந்த நான்கு கிலோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சீனி, ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியவுடன் அந்தச் சேமிப்புக் கரைகிறது, தண்ணீரும் போகிறது. தராசு சடாரென்று இறங்கும். கொழுப்பு கரைவது அதற்குப் பிறகு, மிக மெதுவாக. ஆகவே வேகம் குறைந்ததற்குப் பெட்டி மட்டும் காரணமில்லை. ஆனால் மூன்று மாதம் அசையாமல் நிற்பதும், சீனி ஏறுவதும் வேறு கதை.

சரி, பெட்டியைத் திறப்போம்.

சொக்லேட்டில் சீனி இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள்? பலவற்றில் 'மோல்டிட்டோல்' என்ற பொருள் இருக்கும். இது சீனியைப் போல முழுதாக ஏறாது, ஆனால் ஏறும். ஒரு கிராமுக்கு இரண்டு கலோரிக்குக் கொஞ்சம் மேலேயும் தரும். பக்கற்றிலோ, மொத்த மாப்பொருளிலிருந்து இதையும் நார்ப்பொருளையும் கழித்துவிட்டு "நிகர மாப்பொருள் 2 கிராம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கழித்துக் காட்டியதெல்லாம் உடம்பும் கழித்துவிட்டதென்று நினைக்கக் கூடாது. கூடச் சாப்பிட்டால் வயிற்றாலும் போகும். 'எரித்ரிட்டோல்' என்றிருந்தால் அது இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில்லை. பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். ஆனால் அது இரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பாரிசவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023 இல் ஓர் ஆய்வு வந்தது. அதுதான் காரணமென்று அந்த ஆய்வு நிறுவவில்லை. என்றாலும் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடும் சாமான் இல்லை என்பது என் எண்ணம்.

தூளையும் திருப்பிப் பாருங்கள். சீனித்துளசி என்று முன்பக்கத்தில் பச்சை இலை போட்டிருக்கும். பின்பக்கத்தில் முதலாவதாக 'டெக்ஸ்ட்ரோஸ்' அல்லது 'மோல்ட்டோடெக்ஸ்ட்ரின்' என்றிருந்தால், அந்தத் தூளின் பெரும்பங்கு அதுதான். சேர்ந்த பொருட்களை நிறையில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். தேநீருக்கு ஒரு சிட்டிகை என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கேக்குக்கு ஒரு கோப்பை போட்டால் கணக்கு வேறு.

பாதாம் மா மாப்பொருளில் குறைவானது. 100 கிராமில் சுமார் 20 கிராம், அதிலும் பாதி நார். கோதுமை மாவில் 75 கிராமுக்கு மேல் இருக்கும். சீனி ஏறாது என்பதற்கு நல்லது. ஆனால் அதே 100 கிராமில் 570 கலோரிக்குக் குறையாது. கோதுமை மாவில் 360 அளவுதான். ரொட்டி என்று நினைத்து நாலைத் தட்டிச் சாப்பிட்டால் தராசு ஏன் இறங்கப் போகிறது? கீட்டோ என்றாலும் தேவைக்கு மிஞ்சியதை உடம்பு சேர்த்துத்தான் வைக்கும்.

செயற்கை இனிப்புகளை நிறை குறைக்கும் வழியாகப் பாவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. நீண்ட கால நன்மை தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்களை அந்த அறிவுறுத்தலில் அவர்கள் சேர்க்கவில்லை. ஆகவே சீனித் தேநீரிலிருந்து விடுபட இதை ஒரு படியாக வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். படியில் நின்றுவிடாமல் ஏறினால் சரி.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "எங்களுக்கு ஆர் கனடாவில இருந்து பெட்டி அனுப்புறது?" என்று கேட்கும் சகோதரிகளே, உங்கள் அடுப்படியிலும் ஒரு பெட்டி இருக்கிறது. நான் கூட அதிகம் காண்பது அதைத்தான்.

சலரோகம் என்று சொன்னவுடன் எங்கள் ஊரில் முதலில் வருவது குரக்கன். நல்ல தானியம், கல்சியம் உண்டு, நார் உண்டு. ஆனால் குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாப்பொருள்தான். தனிக் குரக்கனில் பிட்டு உதிர்கிறது என்று பாதிக்குப் பாதி கோதுமை மா கலக்கிறோம். "இது சலரோகத்துக்கு நல்லது" என்று சொல்லி இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிடுகிறோம். நான் ஒரு கிழமை ஒரு கோப்பைச் சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்திப் பார்த்தேன்: 208. அடுத்த கிழமை அதே நேரம், அதே குழம்பு, அதேயளவு குரக்கன் பிட்டு: 201. கடையில் விற்கும் குரக்கன் பிஸ்கற்றை எடுத்துப் பின்பக்கத்தை வாசியுங்கள். அநேகமாக முதலாவதாக இருப்பது கோதுமை மா, அதற்கு அடுத்ததாகச் சீனி.

பனங்கட்டி எங்களுடையது, அதனால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை இன்னும் உறுதியாக இருக்கிறது. பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசு. வெள்ளைச் சீனியும் அதுவேதான். கடித்துக் கொண்டு தேநீர் குடிக்கும்போது சின்னத் துண்டோடு முடிகிறது என்பதுதான் அதன் நன்மை. ஒடியலும் மரவள்ளியும் மாப்பொருள்தான்.

குடிபானப் போத்தல்களில் 2016 இலிருந்து போடும் நிற வட்டம் உங்களுக்குத் தெரியும். 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைவாகச் சீனி இருந்தால் பச்சை, 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் சீனிக்கான வட்டம் சீனியை மட்டுமே சொல்லும். மாவைப் பற்றி அது வாய் திறக்காது.

மாற்று என்பது எங்களுக்குப் புதிய சொல் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகள்தான் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சீனி இல்லாவிட்டால் பனங்கட்டி, அதுவும் இல்லாவிட்டால் வெறுந்தேநீர். அந்த மாற்றுகள் இல்லாமையில் பிறந்தவை. இருப்பதை மிச்சம் பிடிக்கச் செய்தவை. இன்றைய மாற்றுச் சாப்பாடு, விட வேண்டியதை விடாமல் வைத்திருக்கச் செய்தது. பாணை விட்டேன் என்று சொல்லிப் பாண் போன்ற ஒன்றைத் தேடுகிறோம். மனம் பாணிலேயே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பதுங்கு குழியிலிருந்து வெளியே வந்து ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பெண்ணிடம், நிவாரண அரிசியையும் கோதுமை மாவையும் கொண்டு மாதக்கணக்கில் பிள்ளைகளின் வயிற்றை நிறைத்த தாயிடம், "சோற்றைத் தொடாதே" என்று சொல்வது லேசான காரியமில்லை. பானையில் சோறு இல்லாவிட்டால் எனக்கு இரவு நித்திரை வராது என்று ஓர் அம்மா சொன்னார். அது பேராசை இல்லை. ஆகவே கீட்டோவை எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். மாப்பொருளைக் குறைத்துச் சாப்பிடும் முறைகள் முதல் ஆறு மாதத்தில் சீனியை நன்றாக இறக்குகின்றன; ஒரு வருடம் போகும்போது மற்ற முறைகளோடு உள்ள வித்தியாசம் குறைந்துவிடுகிறது. தொடர்ந்து பிடிக்க முடிவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மூன்று கோப்பைச் சோற்றை ஒன்றாக்கி, மிச்ச இடத்தை முருங்கையிலை, வல்லாரை, பயற்றங்காய், மீன், முட்டை கொண்டு நிரப்புவது எங்கள் சந்தையில் நடக்கக்கூடிய காரியம். அதற்குப் பக்கற் தேவையில்லை.

கடிதம் எழுதிய தங்கச்சிக்கு ஒரு யோசனை. இரண்டு கிழமை பெட்டியை மூடி வையுங்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் எடுத்து, சாப்பிட முன்னும் இரண்டு மணித்தியாலம் கழித்தும் குத்திப் பாருங்கள். 180 ஐத் தாண்டினால் அந்தப் பொருள் உங்களுக்கு மாற்று இல்லை. கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தம், நேற்று மாலை தின்ற பிஸ்கற் என்ன செய்தது என்று காட்டாது. மீற்றர் இல்லாதவர்கள் சங்கத்தில் சேர்ந்து ஒன்றைப் பாவிக்கலாம். ஆனால் குத்தும் ஊசி ஆளுக்கு ஒன்று, ஒருமுறை மட்டும். தங்கைக்கும் எழுதுங்கள்: அடுத்த பெட்டியில் சொக்லேட் வேண்டாம், உங்கள் மீற்றருக்குப் பொருந்தும் பரிசோதனைப் பட்டிகள் போதும், காலாவதித் திகதி பார்த்து அனுப்பட்டும். அவளுக்கும் காசு மிச்சம். இருக்கும் பாதாம் மாவை மீன் கட்லட்டுக்கு இரண்டு கரண்டியாகப் போட்டு முடித்துவிடலாம்.

செயற்கைக்கால் போட்டு நடப்பவர்கள் நிறை வேகமாகக் குறைந்தால் சொக்கற் தளர்ந்து உராயும். சலரோகம் உள்ளவருக்கு அந்தப் புண் ஆறுவது கடினம். சின்னச் சிவப்புக் கண்டாலும் கால் செய்து தந்த இடத்தில் காட்டுங்கள்.

கடைசியாக மருந்து. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தவே கூடாது. மருந்து அதே அளவில் வேலை செய்ய, சீனி 70 க்குக் கீழே விழுந்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டப்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் கீட்டோ செய்தால், மீற்றரில் சீனி அதிகம் காட்டாமலே இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கும் இந்த முறை வேண்டாம்.

சீனி விழுந்தால் வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அந்த நேரம் வீட்டில் சீனிக்குப் பதிலான தூள் மட்டும் இருந்தால் அது உதவாது; இனிக்கும், ஆனால் காப்பாற்றாது. மூன்று தேக்கரண்டி உண்மையான சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சீனியை வீட்டிலிருந்து முற்றாக ஒழித்துவிட்டேன் என்று பெருமையாக எழுதிய சகோதரிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் சீனி நிரப்பி, மருந்துப் பையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். எதற்கென்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.