முன்னிரும்பும் முறையான கல்வியும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவது இலக்கியமாகவோ சமயமாகவோ இருக்க வேண்டுமென்பது மரபு. நாமோ இம்முறை இரும்பைப் பற்றி எழுதத் துணிந்தோம். மணலிலும் சேற்றிலும் ஓடும் ஜீப் முதலிய வண்டிகளின் முன்புறத்தில், இழுபொறியாகிய வின்ச்சைத் தாங்குவதற்கெனச் செய்து பூட்டப்படும் கனத்த பம்பரே நாம் கருதும் பொருள். இதற்கும் கல்விக்கும் யாது தொடர்பெனின், பெருந் தொடர்பு உண்டு என்பதே எம் கருத்து.

புளியங்கூடலிலும் அதனைச் சூழ்ந்த தீவகத்து ஊர்களிலும் மாரி காலத்திற் தாழ்நிலங்கள் சேறாகின்றன. கரையோரமோ ஆண்டு முழுவதும் மணல். அங்கே புதைந்த வண்டியை மீட்கும் பொறி வேண்டப்படுவது இயல்பே. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவுக் கரையிலும் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பதும், அது தகுமா தகாதா என மீனவரிடையே எழுந்த வழக்கும் பலரும் அறிந்தவை. ஆகவே வண்டியோடு சேர்ந்த இழுபொறி நமக்குப் புதிய பொருளன்று.

ஆயின், இன்று பட்டறைகளில் இளைஞர் கேட்டுச் செய்விக்கும் முன்னிரும்பு பெரும்பாலும் படத்தைப் பார்த்து வரைந்தது. தோற்றத்தில் யானை, வலிமையோ எவரும் கணக்கிட்டதன்று. இதுவே நாம் அஞ்சுவது.

கணக்கு யாதெனப் பார்ப்போம். வண்டியின் மொத்த நிறையைப் போல ஒன்றரை மடங்காயினும் இழுக்கவல்ல வின்ச் வேண்டுமென்பது துறையறிந்தோர் கைக்கொள்ளும் விதி. 2,000 கிலோகிராம் வண்டிக்கு 3,000 கிலோகிராம் இழுவை. அவ்விழுவையும் உருளையில் முதலடுக்குக் கயிறு மட்டும் எஞ்சியுள்ளபோதே முழுமையாகக் கிடைக்கும். கயிறு அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற உருளையின் ஆரை பெருகும்; பொறியின் திருப்பம் மாறாதிருக்க இழுவை குறையும். கடைசி அடுக்கில் மூன்றிலொரு பங்கு வரை குறைதலும் உண்டு.

இனி, கயிற்றை எதிரேயுள்ள மரத்திற் கட்டிய கப்பியினூடாகச் செலுத்தி, நுனியை மீண்டும் நமது பம்பரின் கொளுக்கியிலேயே மாட்டுவோமாயின், வண்டியை இழுக்கும் விசை இரட்டிக்கும். உருளை தாங்குவது 3,000. கொளுக்கி தாங்குவது 3,000. ஆகவே பம்பர் தாங்குவது 6,000. வின்ச்சின் பெட்டியில் எழுதிய எண்ணை மட்டும் நம்பிப் பம்பர் செய்தவன் பாதி வலிமைக்கே செய்தவனாவான். கயிறு 45 பாகையிற் சரிந்து இழுக்கப்படின், இழுவையில் நூற்றுக்கு 71 பங்கு பக்கவாட்டிற் சென்று பம்பரை முறுக்கும். அப்பொழுது இரு புறத்துத் தாங்கிகளும் சமமாகச் சுமவா.

ஆதலின் முன்னிரும்பின் உயிர், வெளியே தெரியும் வளைந்த குழாயில் இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தோடு அதனை இணைக்கும் தகட்டிலும் மரையாணியிலும் உள்ளது. தலையில் 8.8 எனப் பொறித்த மரையாணியின் இழுவலிமையிற் பாதியே 4.6 எனப் பொறித்ததற்கு உண்டு. கடையில் இரண்டும் ஒரே தோற்றத்தன. நம் கோயில்களிலே தேர்வடத்தைச் சிற்பம் செதுக்கிய பலகையில் எவரும் கட்டுவதில்லை. தேரின் அடியிற் பொருத்திய இரும்பு வளையத்திலேயே மாட்டுவர். நம் முன்னோர் அறிந்த இவ்வுண்மையை நம் பிள்ளைகள் இரும்பில் மறக்கலாமோ?

பிழைத்தால் வரும் கேடும் சிறிதன்று. இறுகிய உருக்குக்கயிறு அறுந்தால் வாள்போல் வீசும். அதனாலேயே கயிற்றின்மேல் நனைந்த சாக்கையேனும் போட்டு, அருகில் நிற்போரை விலக்கி இழுத்தல் வேண்டும். செயற்கையிழைக் கயிறு அறுந்தால் அத்துணை வேகமாய் மீள்வதில்லை. ஆயினும் வெயிலும் மணலும் அதனைத் தின்னும். உருளையில் உருக்குக்கயிறு ஐந்து சுற்றாயினும் எஞ்சியிருத்தல் வேண்டும். கட்டும் பனையில் அடியோடு சேர்த்து அகன்ற வார் கொண்டு கட்டல் வேண்டும். மரமற்ற கரையில் மேலதிகச் சில்லு ஒன்றை ஆழப் புதைத்து அதனையே முளையாகக் கொள்ளலாம்.

வண்டியில் உள்ளோர்க்கும் வீதியில் நடப்போர்க்கும் உரிய கேடு வேறு. புதிய வண்டிகளின் முன்புறம் மோதும்போது நசுங்கி விசையை உண்ணுமாறு அமைந்தது. அதன்முன் வளையா இரும்பைப் பூட்டினால் காற்றுப்பைக்குரிய உணரிகள் பிழைபடக்கூடும். எதிர்ப்படும் பாதசாரிக்கோ அவ்விரும்பு கூற்றுவன். இதனைக் கருதியே இந்திய அரசு 2017ஆம் ஆண்டு மார்கழியில் இத்தகைய முன்தடுப்புகளை நீக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. நம் நாட்டிலும் 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் வண்டிகளின் மேலதிகப் பூட்டுகளை அகற்றப் பொலிசார் முனைந்தபோது, பேருந்து உரிமையாளரும் முச்சக்கரவண்டிச் சாரதியரும் எதிர்த்தெழுந்தனர். தேவைக்குப் பூட்டியது எது, அலங்காரத்துக்குப் பூட்டியது எது என்று பகுத்தறியும் கல்வி இரு பக்கத்தார்க்கும் வேண்டும் என்பதே அப்பூசல் புகட்டிய பாடம்.

நிற்க. நம்மவர்க்குக் கைத்திறன் இல்லையென எவரும் கூறார். வல்வெட்டித்துறையார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. 1990களிற் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போனபோது, யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் பழைய மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடச்செய்தனர். கை உண்டு, துணிவும் உண்டு. கையோடு கணக்கைச் சேர்ப்பதே நமக்கு எஞ்சிய வேலை.

அக்கணக்கைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என ஐயுறுவோர் இன்றும் உளர். மானிப்பாயில் டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். விசை, இழுவை, திருப்பம், தகைப்பு, கப்பி என்னும் சொற்களை நம் மாணவர் வகுப்பில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆயின் அதே மாணவன் பட்டறைக்குச் சென்றால் அச்சொற்கள் அவனோடு செல்வதில்லை. அங்கே வின்ச், பம்பர், நட்டு, போல்ட்டு என்பன ஆள்கின்றன. அவை ஆளட்டும், அதில் எமக்கு மனக்குறை இல்லை. தகைப்பு என்னும் சொல் வினாத்தாளிற் பிறந்து வினாத்தாளிலேயே இறப்பதுதான் எம்மை வருத்துகின்றது. பொருளைத் தொடாத சொல்லைத் தமிழாசிரியரும் போற்ற வேண்டியதில்லை.

கல்விப் பொதுத் தராதர உயர்தரத்திலே தொழினுட்பத்துறை 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. எனினும் பெற்றோர் பலர் அதனை மருத்துவமும் பொறியியலும் எட்டாதார்க்குரிய இடமாகவே எண்ணுகின்றனர். தாம் ஏறிச் செல்லும் வண்டியின் ஆணியை முடுக்குபவன் கணக்கறியாதவனாயிருத்தல் அவர்க்குச் சம்மதமோ? பட்டறைகள் ஊரிலே உள்ளனவே, கல்லூரிக்கு இவ்வேலை எதற்கு என்பாரும் உளர். பட்டறையிற் கையுண்டு, கல்லூரியிற் கணக்குண்டு. இரண்டும் ஒரு கூரையின்கீழ்ச் சந்திக்கும் இடம் எங்குளது என்பதே எம் வினா.

எனவே பழைய மாணவர்களுக்கு எம் விண்ணப்பம் இது. விழாக் காலங்களில் வளைவு கட்டுவதும் மண்டபத்துக்கு நிறந் தீட்டுவதும் நம் வழக்கம். அவை வேண்டாவென்று கூறோம். ஆயின் வளைவு எதனையும் இழுப்பதில்லை. இவ்விழாவின் நினைவாகக் கல்லூரியில் ஒரு சிறு பணியறை அமையட்டும். கப்பிகள், இழுவை அளக்கும் தராசு, ஒட்டுவேலைக் கருவி, வரைபலகை ஆகியன அங்கு இருந்தாற் போதும். ஊரிலுள்ள கராஜ்காரரை வாரம் ஒருநாள் ஆசிரியராக அழைப்போம். கனடாவின் பனியிலும் அவுஸ்திரேலியாவின் வெளிகளிலும் இத்தகைய வண்டிகளைச் செலுத்தும் நம் அன்பர்கள் தாம் கண்டறிந்தவற்றை வரைபடமாக அனுப்பியுதவலாம். மாணவர் முதற்கண் ஒரு முன்னிரும்பை வரைந்து, பாரத்தைக் கணித்து, கூடும் அல்லது கூடாது என எழுதிக் கையொப்பமிடட்டும். தாம் எழுதியதற்குத் தாமே பொறுப்பேற்றல் கல்வியின் தலையாய பயன்.

சேற்றிற் புதைந்த வண்டியை மீட்க நான்கு பொருள் வேண்டும்: அசையாத முளை, அறாத கயிறு, பிடித்த கொளுக்கி, கணக்கறிந்த கை. கல்லூரி முளையாக நிற்கின்றது. பழைய மாணவர் கயிறாக நீண்டுள்ளனர். கொளுக்கியையும் கையையும் ஆக்கித் தருவது இவ்விழாவின் பணியாகுக.