பட்டறைப் புகையும் தொழிலாளர் மூச்சும்

பித்தளை வார்க்கும் பட்டறைகளிலும், துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்யும் இடங்களிலும் வெண்புகை எழுவதை நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். அது தொழிலோடு பிறந்த சங்கடம் என்று எண்ணி வாளாவிருப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. செம்பு உருக 1,085 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி, காற்றில் வெண்புகையாகிறது. அதைச் சுவாசித்தவனுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் ஜுரமும் இருமலும் காண்கின்றன. வாயில் உலோகச் சுவை தட்டுகிறது. இரண்டொரு நாளில் இது தானே தணியும். வேலை நாட்களில் தேகம் சற்றுப் பழகி, ஓய்வு நாளில் அப்பழக்கத்தை இழப்பதால், வாரத்தின் முதல் நாளில் ஜுரம் மீண்டும் தாக்குகிறது. மேனாட்டார் இதற்குத் 'திங்கட்கிழமை ஜுரம்' என்றே பெயரிட்டனர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்கையில் குரோமியமும் நிக்கலும் புகையில் கலக்கின்றன. இவற்றால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி ஆஸ்துமாவாக முற்றுகிறது. அதன்பின் சொற்பப் புகையும் மூச்சைத் திணற வைக்கும். கற்ற தொழிலே அவனுக்கு விஷமாகிவிடுகிறது. அவனைப் பலஹீனன் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது நியாயமாகுமா? வெல்டிங் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017-ல் முடிவு செய்ததையும் மறக்கலாகாது.

பால் குடிப்பதாலோ முகத்தில் துணி கட்டுவதாலோ இப்புகையைத் தடுக்க இயலாது. புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் சாதனம் வேண்டும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-வது பிரிவு இதையே விதித்தது. ஆனால் மின்விசையால் நடக்கும் பட்டறையில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று அச்சட்டம் கொண்டது. 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்போ அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நான்கு பேர் வேலை செய்யும் கொட்டகையில் நுரையீரலுக்கு மதிப்பு குறைவா?

சர்க்கார் சிறு பட்டறைகளுக்கும் இவ்விதியை விஸ்தரித்து, சாதனம் வாங்கப் பொருளுதவி செய்ய வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலியை மட்டும் கணக்கிடாமல், திங்கட்கிழமை தோறும் ஜுரத்தால் வேலைக்கு வராதவர் எத்தனை பேர் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கே அவர்களுடைய வழக்குக்குச் சாட்சியாகும். உழைப்பை விற்பவன் தன் மூச்சையும் சேர்த்து விற்கவில்லை என்பதை முதலாளிகள் உணர்வார்களாக.