பத்தில் எத்தனை?

நாட்பட்ட மூட்டு வலியோடு மருத்துவமனைக்குச் செல்லும் நம் தாய்மார்களிடம் இந்நாளில் கேள்வி ஒன்று விடுக்கப்படுகிறது: "சைபரிலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை?" "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை" என்கிறார்கள். தாளில் மூன்று என்று ஏறிவிடுகிறது. இதற்குப் பெயர் அளவையாம்!

1975-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட வினாப்பட்டியல் இப்படி எண்ணோடு நின்றுவிடவில்லை. வலியைச் சுட்டும் 78 சொற்களை 20 பிரிவுகளாக அடுக்கி, தமக்குப் பொருந்துவதை நோயாளியே தேர்ந்தெடுக்க வழி செய்தார் அவர். குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு. எரிச்சல் நரம்பின் கோளாறைக் காட்டக்கூடும். எண்ணோ கடுமையைச் சொல்லுமேயன்றி வகையைச் சொல்லாது. நேரமில்லை என்பார்கள். 15 சொற்களே கொண்ட சுருக்கப் பட்டியலையும் 1987-இல் அவரே தந்துவிட்டாரே, அதற்குமா நேரமில்லை?

குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், விண்விண்ணென்று தெறித்தல் எல்லாம் நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுவதோடு நில்லாமல், இவற்றைக் கேட்டெழுதிப் பட்டியலிட்டால் என்ன என்று நாம் கேட்கிறோம்.

பொறுமையின் பெயரால் வாய்மூடுவோருக்கும் ஒரு வார்த்தை. அய்யூப் நபி (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அதனால் அவர்களது சபூர் குறைந்துவிடவில்லை. திருக்குர்ஆன் அவர்களைப் பொறுமையாளர் என்றே போற்றுகிறது. "இரவெல்லாம் முழங்கால் குடைகிறது, ஸஜ்தாவுக்குக் குனிய இயலவில்லை" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அதையும் அவர் அந்தத் தாளில் எழுதட்டும்.