புரையோடிய புண்

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளில் தேய்ந்துபோன சொற்களைப் பட்டியலிட்டால் ‘புரையோடிப்போன’ முதலிடத்துக்கு வரக்கூடும். ‘புரையோடிப்போன இனப்பிரச்சினை’ என்று எழுதாத ஆசிரியத் தலையங்கம் அரிது. ஊழலும் புரையோடுகிறது, இலஞ்சமும் புரையோடுகிறது. ‘நெடுநாள் தீராத’ என்பதற்கு மேல் அச்சொல்லில் இன்று எதுவும் மிச்சமில்லை.

புரை என்றால் உட்டுளை, குழாய் போன்ற பொந்து. சோறு மூச்சுக்குழலுக்குள் போனால் ‘புரைக்கேறிவிட்டது’ என்கிறோம். குறளின் வாய்மை அதிகாரத்தில் அது குற்றத்தைக் குறிக்கிறது. தொல்காப்பிய உரியியலோ உயர்வு என்கிறது. கண்ணில் வளரும் புரை வேறு கதை. புண்ணைப் பொறுத்தவரை துளைதான் அடிப்படை.

தீவுப்பகுதிக் கடற்றொழிலாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. திருக்கை முள் காலில் குத்தி, அதன் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால், சில நாட்களில் மேல்தோல் மூடிக்கொள்ளலாம். புண் மாறிவிட்டது என்று ஆள் கடலுக்குப் போவார். (தமிழக வாசகர்களுக்கு: உங்களுக்குப் புண் ஆறும், எங்களுக்கு மாறும்.) உள்ளே சீழ் தசையூடாக வழி தேடிப் போகும். ஒருநாள், முள் குத்திய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சிறு துவாரமாக வாய் திறக்கும். அதுதான் புரையோடுதல். களிம்பு பூசிப் பயனில்லை. வைத்தியர் கீறித் திறந்து, உள்ளே கிடப்பதை எடுத்து, கழுவி, வாயை உடனே தைக்காமல் அடியிலிருந்து சதை வளர விடுவார்.

ஆகவே பழைய புண் எல்லாம் புரையோடிய புண் அல்ல. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். செய்தவர்கள் கடற்படையினர் என்பது உயிர்தப்பியவர்களின் சாட்சியம். எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் இறந்தவர்கள் யார், எங்கே, எந்த நாளில் என்பது ஊருக்குத் தெரியும், ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஆறாப் புண்.

மண்டைதீவு அப்படியல்ல. 1990 ஓகஸ்ட்டில், யாழ்ப்பாணக் கோட்டையில் முற்றுகைக்குள் இருந்தவர்களை மீட்கப் படையினர் தீவுகளூடாக முன்னேறியபோது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் திரும்பவில்லை. கொன்று கிணறுகளில் போட்டு மூடினார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மேலே புல் முளைத்துவிட்டது. புரையோடுதல் என்ற சொல் முழுப்பொருளோடு பொருந்துவது இங்கேதான்.

யாழ் நகருக்கு மறுபுறத்தில் செம்மணியைப் பாருங்கள். 1999இல் 15 எலும்புக்கூடுகளை எடுத்ததோடு அகழ்வு நின்றது. 2025இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் தெரிந்தன. நீதிமன்ற உத்தரவுப்படி தொடர்ந்த அகழ்வில் அதே ஆண்டில் வெளிப்பட்டவை 200க்கும் அதிகமான எலும்புக்கூடுகள். பழைய குழிக்குச் சற்றுத் தள்ளித்தான் வாய் திறந்தது.

காணாமற்போனோர் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழும் இழப்பீடும் கொடுத்துக் கோப்பை மூடிவிடலாம் என்று நினைப்பவர்கள் களிம்பு பூசுகிறார்கள். தலையங்கம் எழுதும் இளைய நண்பர்கள் ‘புரையோடிப்போன’ என்று எழுதினால், அடுத்த வரியில் எந்தக் கிணறு, எந்த ஆண்டு, யாரைத் தேடுகிறார்கள் என்பதையும் எழுதட்டும். மண்டைதீவில் பிள்ளையைத் தேடும் தாய்மார் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது.