வாசலைப் பார்த்திருக்கும் ஜீவன்

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு வந்தபோது, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பல வீட்டு நாய்களுக்கு யோகம் அடித்தது. எஜமானர் நாள் முழுதும் வீட்டிலிருந்தார். தொழிற்பேட்டை திறந்ததும் அவ்வாழ்வு போயிற்று. ஷிப்டு மாறும் வீடுகளில் இன்றும் இதே கதைதான். தனித்த நாய் ஊளையிடுகிறது, கதவைப் பிராண்டுகிறது. அயலார் முறையிட்டால் அதைத் தெருவில் விடவும் நாம் துணிகிறோம்!

இது குறும்பன்று, பிரிவச்சம். அடித்தால் அச்சம் வளருமேயன்றித் தீராது. முதலில் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து, பத்து என்று தனிமையைப் பழக்க வேண்டும். சாவியைக் கையிலெடுத்தும் வெளியே போகாமல் சில வேளை அமர்ந்திருங்கள். புறப்படுமுன் சற்று உலாவ அழைத்துச் செல்லுங்கள். போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். அஹிம்சை மனிதருக்கு மட்டும் உரியதன்று என்பதே நம் கட்சி.