கத்தியைத் தீட்டுவதும் மார்க்கக் கடமையே

 

துல்ஹஜ் பிறை நெருங்கியதும் நம் வீடுகளில் குர்பானி ஆட்டைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. விலை என்ன, எத்தனை பல், காலில் ஊனம் உண்டா, கண்ணில் குறை உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியவையே. ஆனால் அந்தப் பிராணியின் கழுத்தில் ஓடவிருக்கும் கத்தியைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. அறுக்கும்போது ஓத வேண்டியதைச் சிறு பிள்ளையும் பிழையின்றிச் சொல்கிறது. கத்தியின் கூர்மையைச் சோதிக்க வீட்டுப் பெரியவருக்குத் தெரிவதில்லை. இதைச் சிறு குறையென்று ஒதுக்க இயலாது. இது நபிகளாரின் தெளிவான கட்டளையொன்றைக் கைவிடுவதாகும்.

ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எக்காரியத்தையும் செம்மையாகச் செய்வதை, அதாவது இஹ்ஸானை, அல்லாஹ் விதியாக்கியிருப்பதாகக் கூறிய நபி (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாக அறுப்பையே குறிப்பிட்டார்கள். கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும் பிராணிக்கு வேதனையைக் குறைக்குமாறும் ஏவினார்கள். ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு அதன் எதிரிலேயே கத்தி தீட்டியவரை, அதனை இருமுறை கொல்ல நாடுகிறீரா என்ற பொருளில் அவர்கள் கண்டித்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக இமாம் ஹாகிம் பதிவு செய்துள்ளார்.

வேட்டையின் சட்டமும் இதையே உணர்த்துகிறது. வேட்டைக்கோலைப் பற்றி அதீ பின் ஹாத்திம் (ரலி) வினவியபோது, அதன் கூர்முனை கிழித்துக் கொன்றதை உண்ணலாம், அதன் அகலப் பகுதி மோதிச் செத்ததை உண்ணலாகாது என்று விளக்கப்பட்டது. அடிபட்டுச் செத்தது ஹராம் என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் கூறுகிறது. அமெரிக்காவில் இன்றும் வில்லால் மான் வேட்டையாடுவோர், அம்பின் அலகைக் கைமுடியை மழிக்கும் அளவுக்குத் தீட்டுகின்றனர். மழுங்கிய அலகு இரத்த நாளத்தை அறுக்காமல் தள்ளிவிட்டுச் செல்லும். விலங்கு காயத்தோடு ஓடித் துடிக்கும் என்பதை அவர்கள் அறிவர். நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. நம் கையில் எஞ்சியிருப்பது அறுப்புக் கத்தி ஒன்றே. அதையாவது தீட்ட வேண்டாமா?

இதற்குச் சிலர் கூறும் சமாதானங்களைக் காண்போம்.

"அல்லாஹ்வின் பெயரைச் சொன்னோம், இரத்தம் ஓடியது, ஹலாலாகிவிட்டது, கூர்மையைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?" என்பது முதலாவது. ஹலால் என்பது குறைந்தபட்ச எல்லை. தொழுகை கூடிவிட்டது என்பதற்காக அவசர அவசரமாகக் குனிந்து நிமிர்வதை நாம் ஏற்கிறோமா? உணவு ஆகுமானதாக இருக்கும்போதே, உயிரை வதைத்த குற்றம் நம் கணக்கில் எழுதப்படலாம்.

"அது கசாப்புக்காரர் வேலை" என்பது இரண்டாவது. குர்பானி அவருடையதன்று, உங்களுடையது. பெருநாளன்று அவர் வீடு வீடாக ஓடுகிறார். தோலிலும் உரோமத்திலும் எலும்பிலும் பட்டுப் பட்டு, சில ஆடுகளுக்குள்ளேயே கத்தி மழுங்கிவிடும். கடைசி வீட்டு ஆட்டின் வேதனைக்கு யார் பொறுப்பு?

"பிள்ளைகள் நடமாடும் வீட்டில் கூரான கத்தி ஆபத்து" என்பது மூன்றாவது. பிள்ளைகளுக்கு எட்டாமல் உறையிலிட்டு வைப்பதே அதற்குத் தீர்வு. மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. அழுத்தும்போதுதான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது.

செய்ய வேண்டியது எளிது. முதல் நாளே கத்தியைத் தீட்டி முடித்துவிடுங்கள். சொரசொரப்பான சாணைக்கல்லில் தொடங்கி, வழவழப்பான கல்லில் முடியுங்கள். சாய்வு மாறாமல் இருபுறமும் சம அளவில் தீட்டுங்கள். விளிம்பில் திரளும் மெல்லிய பிசிறை மென்கல்லிலும் தோல்வாரிலும் நீக்குங்கள். சுழல் சக்கரத்தில் தீப்பொறி பறக்க அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். எஃகின் உறுதி போய்விடும். தொங்கவிட்ட தாளைக் கிழிக்காமல் அறுத்துச் செல்கிறதா என்று பாருங்கள். கத்தி கழுத்தின் அகலத்தைவிட நன்கு நீளமாக இருக்கட்டும். அப்போதுதான் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் இருபுற இரத்த நாளங்களும் விரைந்து அறுபடும். ஒவ்வோர் ஆட்டுக்குப் பின்னும், அடுத்த ஆட்டின் பார்வைக்கு அப்பால் சென்று விளிம்பைச் சரிபாருங்கள்.

யூதர்களின் அறுப்பாளர், அறுப்பதற்கு முன் விளிம்பில் நகத்தை ஓட்டி, நுண்ணிய பள்ளம் உண்டா என்று இன்றும் சோதிக்கிறார். இருந்தால் அக்கத்தியால் அறுக்கமாட்டார். நம் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீன் செத்த மீன்; அதை வெட்டுவோர்கூடக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்கின்றனர், துண்டு சிதையக் கூடாதே என்பதற்காக. உயிருள்ள ஆட்டின் முன் நிற்கும் நமக்கு அந்த அக்கறையேனும் வேண்டாமா?

இவ்வாண்டு ஆட்டின் விலையைக் கேட்கும் அதே வாயால், அறுக்க வருபவரிடம் கத்தியைக் காட்டுமாறு கேளுங்கள். மழுங்கியிருந்தால் ஆட்டைக் கட்டவிழ்த்து நிறுத்திவையுங்கள். குர்பானி சற்றுத் தாமதமாவதால் எதுவும் குறைந்துவிடாது. நம் அறுப்பை இஹ்ஸானுடன் நிறைவேற்ற அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.