கருப்பொருள் உண்டு, உரிப்பொருள் எங்கே?

நமது சிறுகதைகளை மதிப்பிடுவோரிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கதையைக் கையில் எடுத்ததும், 'இது தரும் படிப்பினை என்ன?' என்று கேட்கிறார்கள். படிப்பினை நல்லதென்றால் கதையும் நல்லதாகிவிடுகிறது. பாத்திரம், களம், சிக்கல் என்பன பிள்ளைகள் பரீட்சைக்காக மனனம் செய்யும் சொற்களாகச் சுருங்கிவிட்டன. இந்த அளவுகோல் பிழையானது. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்தை எழுதவந்த கதைகளுக்கு இது பெருங்கேடு செய்திருக்கிறது.

தொல்காப்பியர் அகத்திணைக்கு வகுத்த முதல், கரு, உரி என்ற மூன்றும் கதைக்கும் பொருந்துவன என்பேன். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்து மரம், உணவு, தொழில் முதலியன. உரி என்பது மனிதரின் ஒழுக்கம். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது அவர் கொண்ட முறை.

நமது வெளியேற்றக் கதைகளில் முதல் உண்டு: யாழ்ப்பாணம், ஒக்டோபர் 30, விடுதலைப் புலிகள் கொடுத்த இரண்டு மணிநேர அவகாசம். கருவும் உண்டு: பூட்டிய கடை, ஆளற்ற பள்ளிவாசல், அடுப்பில் விட்டுவந்த சோறு. உரியைத் தேடினால் கிடைப்பதில்லை. பாத்திரங்கள் அழுகிறார்கள், நடக்கிறார்கள், புத்தளம் சேர்கிறார்கள். எவரும் எதையும் தீர்மானிப்பதில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்துவீட்டுத் தமிழ்ப் பெண்ணிடம் கொடுப்பதா, மடியில் முடிந்துகொண்டு போவதா என்று ஒரு தாய் தடுமாறினால் அங்கே கதை பிறக்கிறது. அந்தப் பெண் சாவியை வாங்கக் கை நீட்டினாளா என்பதில் அது வளர்கிறது.

களத்தின் நிலையும் இதுதான். 1997 இல் ஜயசிக்குறு நடவடிக்கையின்போது எங்கள் புளியங்குளம் மாதக்கணக்கில் செய்திகளில் அடிபட்டது. அந்தப் பெயரைக் கதையில் எழுதிவிட்டால் களம் அமைந்துவிடாது. ஏ9 வீதி மூடப்பட்டதால் ஒருவன் எந்தக் காட்டுப்பாதையைத் தேர்ந்தான், யாரை விட்டுவிட்டுப் போனான் என்று வந்தால்தான் இடம் கதைக்குள் வேலை செய்கிறது.

படிப்பினைதான் முதன்மை என்போர் சூறா யூசுபை மீண்டும் ஓதிப் பார்க்கட்டும். வரலாறுகளில் மிக அழகியது என்று அல்குர்ஆன் தானே அறிமுகம் செய்யும் வரலாறு அது. 111 வசனங்கள். சகோதரர்களின் பொறாமைக்குக் காரணம் அங்கே தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது: தந்தையின் அன்பு தங்களைவிட யூசுபுக்கும் அவர் தம்பிக்கும் கூடுதல் என்ற எண்ணம். கொல்வதா, கிணற்றில் போடுவதா என்று அவர்களுக்குள் வாதம்கூட நடக்கிறது. ஒரு சட்டை பொய் இரத்தம் தோய்ந்து வருகிறது. ஒன்று பின்புறம் கிழிந்து குற்றமின்மையை நிறுவுகிறது. ஒன்று தந்தையின் பார்வையை மீட்கிறது. மன்னிப்பு வரலாற்றின் இறுதிப் பகுதியில்தான் வருகிறது. எடுத்த எடுப்பிலேயே மன்னிப்பைப் போதித்திருந்தால் அதன் கனம் நமக்கு விளங்கியிருக்குமா?

நம் கதைகளில் துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் இளைஞனுக்குப் பெயரில்லை, காரணமில்லை. மௌனமாகப் பார்த்துநின்ற அயலவருக்கும் மனமில்லை. காரணம் காட்டினால் நியாயப்படுத்தியதாகிவிடும் என்று அஞ்சுகிறோம். யூசுபின் சகோதரர்களுக்குக் காரணம் சொன்னதால் அவர்களின் குற்றம் குறைந்துவிட்டதா?

"காயப்பட்டவனிடம் இலக்கணம் கேட்கலாமா?" என்பார்கள். சாட்சியத்திடம் கேட்கக்கூடாது. வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 வடபுல முஸ்லிம்களின் வாக்குமூலம் அப்படியே பதியப்பட வேண்டியது. பிரஜைகள் ஆணைக்குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை போன்ற முயற்சிகள் அதற்காகவே. அந்த வேலையையே கதையும் திரும்பச் செய்தால் கதை எதற்கு? நடந்ததை அறிக்கை சொல்லும். கையில் சாவியோடு நின்றவளின் மனதைக் கதைதான் சொல்ல முடியும்.

அன்றைய அயலவரின் பேரப்பிள்ளைகள் இன்று பாடசாலையில் இருக்கிறார்கள். நம் கதைகளைப் படித்து, 'அந்த இடத்தில் நான் நின்றிருந்தால்?' என்று அவர்கள் தம்மையே கேட்க வேண்டும். ஆகவே, போட்டிகளுக்கு நடுவர்களாக இருப்போரே, படிப்பினையைத் தேடுமுன் கேளுங்கள்: இங்கே யார், எதை, ஏன் தீர்மானித்தார்? விடையில்லாத கதையைத் திருத்தி எழுதச்சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.